காசாபிளாங்கா பக்கத்து ஊலத் தாலெப் ஒயின்: எதுல ஆரம்பிக்கணும், எதோட சாப்பிடணும்

உங்க கேள்வி இது: வேலை விஷயமா பத்து நாள் மொராக்கோவுல காசாபிளாங்கா போறீங்க, பக்கத்துல ஊலத் தாலெப்னு ஒரு பழைய வைனரி, அதாவது ஒயின் தயாரிக்கற இடம், இருக்குன்னு யாரோ சொல்லியிருக்காங்க, முஸ்லிம் நாட்டுல ஒயினா, சட்டம் விடுமா, அது நிஜமாவே நல்லா இருக்குமா, அந்த ஊர் சாப்பாட்டுக்கு எதை எடுத்துக்கணும்னு கேட்டிருக்கீங்க. நான் காசாபிளாங்கால நாலு வருஷம் வேலை பார்த்தேன், அந்த நாலு வருஷமும் எனக்கு இதுதான் பொழுதுபோக்கு, அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன், பொறுமையா படிங்க.

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். அங்க போறவங்க பாதிப்பேர் மெனுவுல இருக்கறதுலயே விலை ஜாஸ்தியான, கருகருன்னு கனமான சிவப்பு ஒயினா பார்த்து எடுத்து தஜீனோட, அதாவது கூம்பு மூடி போட்ட மண்சட்டில செய்யற குழம்போட, வச்சுக்கறாங்க. ரெண்டு வாய்க்கப்புறம் ஒயினும் கசக்குது, சாப்பாடும் எடுபடல, மொராக்கோ ஒயின் அவ்வளவுதான்னு முடிவு பண்ணிட்டு வந்துடறாங்க. அந்த ஊர் சமையலுக்கு உயிர் கொடுக்கறது அங்க 'கிரி'ன்னு சொல்ற வெளிர் நிற ஒயினும், கடல்காத்து பட்டு வளர்ந்த சிரா திராட்சையும்தான். கனமான சிவப்புக்கும் இடம் இருக்கு, ஆனா சின்ன இடம்.

ஊலத் தாலெப் எங்க இருக்குன்னா, காசாபிளாங்காவுக்கு வடகிழக்கே பென் ஸ்லிமான் பக்கம். காசாபிளாங்காலேர்ந்து தலைநகர் ரபாத் போற வழியில உள்ள திரும்பிப் போகணும், கார்க் ஓக் மரக்காடெல்லாம் வரும், பாட்டில்ல அடைக்கற கார்க் இருக்கே அது இந்த மரத்தோட பட்டைதான், கீழ்ப்பாகம் உரிச்செடுத்த மரங்க செக்கச்செவேல்னு நிக்கறதை ரோட்டுலேர்ந்தே பார்க்கலாம். ஊலத்னா பிள்ளைங்கன்னு அர்த்தம், ஒரு குலத்தோட பேரு அது. 1923ல ஒரு பெல்ஜியக் கம்பெனி கட்டின இடம், மொராக்கோவுல இன்னைக்கும் ஓடிட்டிருக்கற வைனரிகள்லயே பழசு இதுதான்னு சொல்வாங்க. இப்ப நடத்தறது தால்வின்ங்கற கம்பெனி, பாட்டில் மேல இந்த ரெண்டு பேரையும் பார்ப்பீங்க. ஸெனாட்டான்னு ஒரு மூணாவது பேரும் இருக்கும், அது அந்த வட்டாரத்துக்குக் கொடுத்திருக்கற அரசாங்க அடையாளம், திராட்சை எந்தப் பகுதில விளைஞ்சதுங்கறதுக்கு உத்தரவாதம் மாதிரி.

ஆப்பிரிக்கா, பாலைவனம், அங்க எப்படி நல்ல ஒயின் வரும்னுதான் எல்லாரும் கேக்கறாங்க. பதில் கடல்தான். மொராக்கோவோட மேற்குக் கரையை ஒட்டி வடக்குலேர்ந்து தெக்கே ஒரு குளிர்ந்த நீரோட்டம் ஓடுது, அடியாழத்துலேர்ந்து சில்லுனு தண்ணி மேல வந்துகிட்டே இருக்கும். ஆகஸ்ட்ல உள்நாட்டுல இருக்கற மராகெஷ் 37 டிகிரில கொளுத்தும்போது காசாபிளாங்கால சாதாரணமா 27 டிகிரி பக்கம்தான் இருக்கும், காலைல எழுந்து பார்த்தா எதிர்வீடு தெரியாத மாதிரி கடல்மூட்டம் கவிஞ்சிருக்கும். திராட்சைக்கு இது பெரிய வரம். பகல் வெயில்ல சர்க்கரை ஏறும், ராத்திரி குளிர்ல புளிப்பு கரையாம நிக்கும். புளிப்பு இல்லாத ஒயின் உப்பில்லாத குழம்பு மாதிரி, எவ்வளவு வாசனை இருந்தாலும் நாக்குல நிக்காது. அங்க கிழக்குலேர்ந்து ஷெர்கின்னு ஒரு அனல் காத்து வரும், பாலைவனத்துக் காத்து, அது ரெண்டு மூணு நாள் அடிச்சுதுன்னா பழமெல்லாம் சுருங்கிடும், அறுவடைக்கு முன்னாடி தோட்டக்காரங்களுக்கு உள்ள பயமே அதுதான். மண்ணுக்கும் அவங்க பேர் வச்சிருக்காங்க: திர்ஸ்னா கரிசல், நம்ம கோவில்பட்டிப் பக்கம் கோடையில பாளம் பாளமா வெடிக்குமே அதே ரகம், ஹம்ரின்னா செம்மண், ரமெல்னா மணல்.

வரலாறு சுருக்கமா போதும். வட ஆப்பிரிக்காவுல ஒயின் ஒண்ணும் பிரெஞ்சுக்காரன் கொண்டு வந்ததில்ல, துனீசியா பக்கம் பழங்காலத்து கார்த்தேஜ் நகரத்துல மாகோன்னு ஒருத்தர் விவசாயத்தைப் பத்தி 28 புத்தகம் எழுதினாரு, கார்த்தேஜை அழிச்ச ரோமாபுரி செனட்டே அதை லத்தீன்ல மொழிபெயர்க்கச் சொல்லுச்சு, காய வச்ச திராட்சைல இனிப்பு ஒயின் செய்யற முறை அவர் பேர்லதான் பின்னாடி வந்தவங்க எழுதி வச்சிருக்காங்க. மொராக்கோவுல பெரிய அளவுல தோட்டம் வந்தது 1912லேர்ந்து 1956 வரைக்கும் பிரெஞ்சுக்காரங்க ஆட்சில. அப்போ நோக்கம் தரம் இல்ல, அளவு. அல்ஜீரியாவும் மொராக்கோவும் டேங்கர் டேங்கரா அனுப்பின ஒயினை பிரான்ஸ்ல அவங்களோட வெளிறின ஒயின்ல கலந்து நிறமும் பலமும் ஏத்திக்கிட்டாங்க. சுதந்திரத்துக்கப்புறம் ஐரோப்பியப் பொதுச்சந்தை கதவைச் சாத்திடுச்சு, வாங்க ஆள் இல்ல, 1973ல வெளிநாட்டுக்காரங்க நிலத்தை அரசாங்கம் எடுத்துக்கிச்சு, நிறைய கொடியைப் பிடுங்கிட்டு கோதுமை போட்டாங்க. 1990கள்ல ராஜா இரண்டாம் ஹசன் பிரெஞ்சுக் கம்பெனிகளைக் கூப்பிட்டு நீண்டகாலக் குத்தகைக்கு நிலம் கொடுத்தப்புறம்தான் மறுபடி உயிர் வந்துச்சு. ஆனா உள்ளூர்லயும் ஒருத்தர் விடாம நின்னாரு, மெக்னெஸ்ல பிராஹிம் ஸ்னிபெர், 1964லயே செலியே த மெக்னெஸ்ங்கற ஒயின் கம்பெனியை ஆரம்பிச்சவர், 2016ல காலமானார். அவர் இல்லேன்னா இன்னைக்கு மொராக்கோ ஒயின்னு பேச ஒண்ணும் பெருசா இருந்திருக்காதுன்னுதான் நான் நினைக்கிறேன்.

இப்ப பாட்டிலுக்கு வருவோம்.

ஊலத் தாலெப்ல எனக்கு ரொம்ப ஆர்வமான ஒயின் அவங்க வெள்ளைதான், ஏன்னா அதுல ஃபரானாங்கற திராட்சை இருக்கு. வட ஆப்பிரிக்காவுல ரொம்ப காலமா இருக்கற ரகம், பழமாவும் சாப்பிடுவாங்க. இதே ரகத்தை சிசிலியில டமஸ்கீனோன்னும் ஸ்பெயின்ல பிளான்டா ஃபீனான்னும் சொல்றாங்க, மத்தியதரைக்கடல் முழுக்கச் சுத்தின பழம். அதோட கிளேரெத்ங்கற தென்பிரான்ஸ் ரகத்தைக் கலக்கறாங்க. பெருசா மணக்காது, முகர்ந்து பார்த்துட்டு ஒண்ணுமே இல்லையேன்னு நினைப்பீங்க, வாயில வச்சா பச்சை ஆப்பிள் தோல், லேசான உப்புக்காத்து, முடிவுல பாதாம் பருப்பு மென்ன மாதிரி ஒரு சின்னக் கசப்பு. தனியா உக்காந்து குடிக்கறதைவிட சாப்பாட்டோடதான் இது பேசும்.

அடுத்து சிரா. இதுக்குப் பின்னாடி ஒரு நல்ல கதை இருக்கு. பிரான்ஸ்ல ரோன் பள்ளத்தாக்குல குரோஸ் எர்மிடாஜ்னு ஒரு இடம், அங்க சிரால பேர் போனவர் அலேன் கிராயோ. அவர் மொராக்கோவுல சைக்கிள் சுற்றுப்பயணம் போனப்ப இந்தத் தோட்டத்தைப் பார்த்தாரு, இந்த மண்ணுல இவ்வளவு நல்ல சிராவான்னு அசந்துபோய், தால்வின்ல இருந்த ஜாக் புலேனோட சேர்ந்து ஒரு ஒயின் போட்டாரு. ரெண்டு பேர் மிதிக்கற சைக்கிள் பேரையே அதுக்கு வச்சாங்க, டான்டம். அமெரிக்காவுல அதே ஒயின் சிரோக்கோன்னு விக்குது, சிராவையும் பாலைவனக் காத்தோட பேரையும் சேர்த்த பேரு. கிராயோ 2022ல இறந்துட்டாரு. இந்த ஒயின்ல எனக்குப் பிடிச்சது, புது மர வாசனையை ஏத்தி பழத்தை மூடாம விட்டிருக்கறது.

இதை எப்படிக் குடிக்கணும்னு சொல்றேன். பாட்டிலைத் திறந்த உடனே ஊத்தினா முதல்ல தோல்பை வாசனை மாதிரி ஒண்ணு வரும், கொஞ்சம் மூடிக்கிட்டே இருக்கும். அப்படியே விட்டுடுங்க, இருபது நிமிஷம். அப்புறம் கிளாஸைச் சுத்தி முகர்ந்து பாருங்க, மிளகு. புதுசா இடிச்ச மிளகு, உரல்லேர்ந்து எழும்புமே அந்த வாடை. இது கற்பனை இல்ல, சிரா தோல்ல ரொட்டண்டோன்னு ஒரு பொருள் இருக்கு, மிளகுக்கு அந்த வாசனை கொடுக்கறதும் அதே பொருள்தான், கொஞ்சம் குளிர்ச்சியான இடத்துல விளைஞ்சா இது அதிகமா இருக்கும். மிளகுக்குப் பின்னாடி கறுப்பு ஆலிவ், நாவல்பழம் மாதிரி ஒரு கருநீலப் பழச்சுவை. முதல் தடவை இது எனக்குப் புரிஞ்சப்ப கடல்மூட்டத்தைப் பத்தி தோட்டக்காரங்க சொன்னதெல்லாம் மூக்குலயே தெரிஞ்சுது.

கிரி பத்தி இப்ப. பிரெஞ்சுல கிரின்னா சாம்பல் நிறம், ஆனா ஒயின் சாம்பல் நிறத்துல இருக்காது, உரிச்ச வெங்காயத்தோட மெல்லிசான உள்தோலைப் பிடிச்சு வெளிச்சத்துல பாருங்க, அந்த நிறம். சின்ஸோ, கிரெனாஷ் மாதிரி நிறமுள்ள திராட்சையைப் பறிச்ச கையோட பிழிஞ்சு தோலை உடனே பிரிச்சிடுவாங்க. சிவப்பு ஒயினுக்கு தோலும் சாறும் நாள்கணக்குல சேர்ந்து ஊறணும், ரோஸேங்கற இளஞ்சிவப்பு ஒயினுக்கு கொஞ்ச நேரம், கிரிக்கு ஊறவே விடறதில்ல. அதனால துவர்ப்பு கிட்டத்தட்ட இல்ல, ஆனா வாயில வெள்ளை ஒயினைவிட கொஞ்சம் கனமா இருக்கும். மொராக்கோவுல மீன் ரெஸ்டாரன்ட்ல உக்காந்து குடிக்கறது இதுதான், புலாவான், கெருவான்னு ரெண்டு பேர் எல்லா மெனுலயும் இருக்கும், விலையும் கம்மி. விலை கம்மிங்கறதாலயே வெளியூர்க்காரங்க இதை மதிக்கறதில்ல, எனக்கு அது நிஜமாவே வருத்தம்.

கனமான சிவப்புல ஊலத் தாலெப்போட மெதாயோன்னு ஒண்ணு, கபெர்னே சொவிஞோன், மெர்லோ, சிராங்கற திராட்சைகள் கலந்தது, நல்ல ஒயின். ஆயித் சுவாலான்னு இன்னொண்ணு, அரினார்நோவான்னு அபூர்வமான ஒரு திராட்சை, 1956ல பிரான்ஸ்ல போர்தோல ரெண்டு ரகத்தைக் கலப்பு பண்ணி உண்டாக்கினது, கபெர்னே சொவிஞோனும் தன்னாங்கற திராட்சையும் சேர்ந்த பிள்ளைன்னு பின்னாடி மரபணுச் சோதனைல தெரிஞ்சுது. அதோட தன்னாவும் மால்பெக்கும் சேர்த்திருக்காங்க. நல்ல துவர்ப்பு, வாழைப்பூவை மோர்ல போடாம அப்படியே கடிச்ச மாதிரி ஈறெல்லாம் இறுக்கிப் பிடிக்கும், நாலஞ்சு வருஷம் வச்சுத் திறந்தா அழகா இருக்கும்.

சாப்பாட்டுக்கு வருவோம், எனக்கு இதுதான் முக்கியம். எந்தக் கறிங்கறதை வச்சு ஒயின் எடுக்கற பழக்கம் மொராக்கோவுல செல்லாது. ஆட்டுக்கறின்னா சிவப்பு, கோழின்னா வெள்ளைன்னு போனீங்கன்னா ஏமாந்துடுவீங்க. தட்டுல இனிப்பு எவ்வளவு, உப்பும் புளிப்பும் எவ்வளவு, சீரகம் தூக்கலா பட்டை தூக்கலா, இதைப் பாருங்க. ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோங்க, அந்த ஊர் சமையல்ல வாசனைப் பொருள் நிறைய, காரம் கம்மி. நம்ம நாக்குக்கு மிளகாய் தேடும். ஒயினுக்கு அது நல்லதுதான், ஏன்னா ஆல்கஹால் மிளகாய் எரிச்சலை இன்னும் ஏத்திவிடும். ஹரிஸாங்கற மிளகாய் விழுது துனீசியால எல்லாத்துலயும் இருக்கும், மொராக்கோவுல தனியா ஓரமா வைப்பாங்க, நல்ல சிவப்பு ஒயின் திறந்தீங்கன்னா அதைத் தொடாதீங்க.

எலுமிச்சை ஆலிவ் போட்ட கோழி தஜீன்லேர்ந்து ஆரம்பிங்க. கூம்பு மூடியைத் தூக்கும்போதே ஆவியோட இஞ்சியும் குங்குமப்பூவும் வரும். அதுல போடற எலுமிச்சை முழுப்பழமா பிளந்து உப்புல மாசக்கணக்குல ஊறினது, மிளகாய்ப்பொடி போடாத நம்ம உப்பு எலுமிச்சங்காய் இருக்கே, காய்ச்சல்காரங்களுக்குக் கஞ்சிக்குத் தொட்டுக்கக் கொடுப்போமே, சத்தியமா அதே வாசனைதான். அவங்க உள்சதையை ஒதுக்கிட்டு தோலைத்தான் பெருசா நினைப்பாங்க. இந்த உப்புக்கும் புளிப்புக்கும் முன்னாடி துவர்ப்பான சிவப்பு ஒயின் தகரம் மாதிரி ஆயிடும். ஜில்லுனு கிரி ஊத்திக்கோங்க, இல்ல அந்த ஃபரானா வெள்ளை. ஒரு வாய் குழம்புல ரொட்டியைத் தோய்ச்சுத் தின்னுட்டு ஒரு மடக்கு கிரி, மறுபடி குழம்பு. கோழி தீர்ந்தப்புறமும் அந்த வெங்காயக் குழம்புக்காகவே இன்னொரு ரொட்டி கேப்பீங்க.

ஆட்டுக்கறியும் காய்ஞ்ச பிளம்ஸும் போட்ட தஜீன் வேற ஜாதி. தேன், பட்டை, மேல வறுத்த பாதாம், எள்ளு. பாதி இனிப்பு சாப்பாடு அது. இனிப்பு நாக்குல இருக்கும்போது துவர்ப்பு ஒயின் குடிச்சா பழம் எல்லாம் காணாமப்போய் கசப்பு மட்டும் நிக்கும், மைசூர்பாகு தின்னுட்டு காபி குடிச்சா காபி எப்படி இருக்கும், அந்தக் கதிதான். நான் மேல சொன்ன ஆயித் சுவாலாவை இதோட வைக்கவே வைக்காதீங்க, நான் ஒரு விருந்துல வச்சு ரெண்டையும் வீணாக்கியிருக்கேன். இதுக்கு டான்டம் சிராதான், நாவல்பழச் சுவை பிளம்ஸோட கை கோர்த்துக்கும், மிளகு அந்த இனிப்பை வெட்டிவிடும்.

மராகெஷ் போனா தஞ்சியா சாப்பிடாம வராதீங்க. தஜீன் இல்ல இது, மண் ஜாடிக்குள்ள கறி, சீரகம், பூண்டு, உப்பு எலுமிச்சை, பழசாக்கின வெண்ணெய் எல்லாம் போட்டு, வாயைக் காகிதத்தால கட்டி, பொதுக் குளியல் கூடத்துக்குத் தண்ணி காய்ச்சற அடுப்புச் சாம்பல்ல மணிக்கணக்கா புதைச்சு வைப்பாங்க. இதுல இனிப்பு கிடையாது, கொழுப்பும் புகையும் சீரகமும்தான். இங்கயும் சிரா நல்லா நிக்கும். கனமான சிவப்புக்கு இடம் எங்கன்னு கேட்டா மெஷ்வி, முழு ஆட்டை சுட்டு வெறும் சீரகமும் உப்பும் தொட்டுத் தின்றது. மெதாயோனும் ஆயித் சுவாலாவும் அந்தக் கொழுப்புக்குப் பிறந்ததுதான், துவர்ப்பு கொழுப்பை வழிச்செடுத்து வாயை சுத்தமாக்கிடும்.

மத்தி மீன் மொராக்கோவோட பெருமை, சஃபி, அகாதிர் துறைமுகம் பக்கமெல்லாம் கரில சுட்டு ஷெர்மூலாவோட தருவாங்க, கொத்தமல்லி, பூண்டு, சீரகம், எலுமிச்சை சேர்ந்த பச்சை மசாலா. இதோட சிவப்பு ஒயின் கூடவே கூடாது. ஒயின்ல இருக்கற இரும்புச்சத்தும் மீன் எண்ணெயும் சேர்ந்தா கெட்டுப்போன மீன் வாடை அடிக்கும், மீன் மேல தப்பே இல்லாம மீனைத் திட்டுவோம். ஃபரானா வெள்ளை எடுங்க. வாலிதியா பக்கம் போக முடிஞ்சா ஓய்ஸ்டரும் அதே வெள்ளையும், வேற எதுவும் வேண்டாம்.

கஷ்டமான ஒண்ணு பஸ்தில்லா. புறாக்கறியோ கோழிக்கறியோ முட்டை, பாதாம் சேர்த்து காகிதம் மாதிரி மாவுத்தாள்ல மடிச்சு மொறுமொறுன்னு சுட்டு, மேல சர்க்கரைத்தூளும் பட்டைத்தூளும் கோலம் போட்ட மாதிரி தூவுவாங்க. எதை வச்சாலும் முழுசா பொருந்தல. இருக்கறதுல கிரிதான் தேவலை. இதுக்கு எனக்குத் தெரிஞ்ச நல்ல ஜோடி மொராக்கோவுல இல்ல, துனீசியால இருக்கு, கெலிபியான்னு கடலோர ஊர்ல அலெக்சாந்திரியா மஸ்கட் திராட்சைல இனிப்பில்லாம போடற வெள்ளை. மல்லிகையும் ரோஜாவும் கலந்த வாசனை, குடிச்சா சர்க்கரை இல்ல. பட்டை வாசனைக்கும் பாதாமுக்கும் அப்படிப் பொருந்தும். துனீசியா வழியா பயணம் இருந்தா ஒரு பாட்டில் தேடுங்க.

சட்டம் பத்தி கேட்டீங்களே. முஸ்லிம் குடிமக்களுக்கு மது விக்கக் கூடாதுன்னு 1967லேர்ந்து ஒரு விதி இருக்கு, ஆனா பெரிய சூப்பர்மார்க்கெட்ல தனிப் பிரிவு இருக்கும், மொராக்கோவுல போடற ஒயின்ல பெரும்பங்கு மொராக்கோவுலயேதான் செலவாகுது. ரமலான் மாசத்துல அந்தப் பிரிவையெல்லாம் மூடிடுவாங்க, சில ஹோட்டல்ல வெளிநாட்டுக்காரங்களுக்கு மட்டும் கிடைக்கும், அதனால தேதியைப் பார்த்துக்கோங்க. தெருவுல பாட்டிலைத் தூக்கிட்டு நடக்காதீங்க, பைக்குள்ள போட்டுக்கோங்க. ஆபீஸ்ல கூட வேலை பார்க்கறவங்க வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டா, கூப்பிடுவாங்க, அந்த ஊர்க்காரங்க அப்படி, ஒயின் பாட்டிலைப் பரிசா கொண்டு போகவே கூடாது. பேரீச்சம்பழமோ நல்ல இனிப்போ வாங்கிட்டுப் போங்க. அங்க தஜீனுக்கு அப்புறம் உயரத்துலேர்ந்து நுரைக்க ஊத்தித் தர்ற புதினா டீ வரும், வெள்ளிக்கிழமைன்னா ஆவில வேகவச்ச ரவை மாதிரி இருக்கற கூஸ்கூஸ் வரும். நான் சாப்பிட்டதுலயே நல்ல மொராக்கோ சாப்பாடு எல்லாம் ஒயின் இல்லாத வீடுகள்லதான்.

வைனரிக்குப் போறதுன்னா சும்மா போய் நிக்காதீங்க, முன்கூட்டி போன்ல பேசி நேரம் வாங்கிக்கோங்க, காலை வேளையா கேளுங்க. அறுவடை ஆகஸ்ட் பக்கம் ஆரம்பிக்கும், அப்ப போனா கூடையோட வரிசையா ஆளுங்க பறிக்கறதைப் பார்க்கலாம், ஆனா உங்களோட பேச யாருக்கும் நேரம் இருக்காது. ஒரு வாரக்கடைசி முழுசா கிடைச்சா ரயில்ல மெக்னெஸ் போயிடுங்க, கடல்மட்டத்துலேர்ந்து 500, 600 மீட்டருக்கு மேல இருக்கற பீடபூமி, ஸ்னிபெரோட ஷத்தோ ரொஸ்லான் வைனரி அங்கதான். அங்கேருந்து கொஞ்ச தூரத்துல வொலுபிலிஸ், ரோமர் காலத்து ஊர் இடிபாடு, ஒரு வீட்டுத் தரையில ஒயின் தெய்வம் பாக்கஸ், தூங்கற இளவரசி அரியாட்னேயை வந்து பார்க்கற மொசைக் கல்லோவியம் இன்னும் திறந்த வெளில கிடக்கு. மத்தியான வெயில்ல நிறம் மங்கலா இருக்கும், சாயங்காலம் போங்க.

இன்னொண்ணு, அங்க ரெஸ்டாரன்ட்ல சிவப்பு ஒயினை ரூம் சூட்டுலயே கொண்டு வைப்பாங்க, அந்த ரூம் 28 டிகிரி இருக்கும். தயங்காம ஐஸ் வாளி கேளுங்க, பத்து நிமிஷம் வைங்க, 16 டிகிரி பக்கம் வந்தாதான் சிராவோட மிளகு தெரியும், இல்லேன்னா சாராய நெடிதான் தெரியும். வாங்கின பாட்டிலை கார்ல விட்டுட்டு ஊர் சுத்தாதீங்க, ஒரு மத்தியானம் போதும், ஒயின் வெந்த பழக்கூழ் மாதிரி ஆயிடும், என்னோட ரெண்டு டான்டம் அப்படித்தான் போச்சு.

பெட்டில ரெண்டு பாட்டிலுக்குத்தான் இடம்னா, ஒண்ணு டான்டம், ஒண்ணு ஃபரானா வெள்ளை. கிரியைக் கொண்டு வராதீங்க, அதை அங்கேயே மீன் ரெஸ்டாரன்ட்ல குடிச்சுத் தீர்த்துட்டு வாங்க.